பஸ்ஸில் வந்த பொங்கல் சீர்

காலையில் பெருநகர் என்ற ஊரில் உத்திரமேரூர் பஸ் ஏறினேன். எனக்குப் பின்னாலேயே ஒருவர் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புடவை வைத்த தட்டு எல்லாவற்றையும் ஏற்றினார். அவர் மட்டும் ஏறவில்லை.

"தங்கச்சிக்குப் பொங்கல் சீரு. உத்திரமேரூர் ஸ்டாண்டுல நிக்கும், குடுத்துடுங்க. எனக்கு வேலை கீது," என்று கண்டக்டரிடம் சொன்னார்.

கரும்புத் தோகை வழியெல்லாம் என் கழுத்தில்தான் குத்திக்கொண்டு வந்தது.

ஸ்டாண்டில் அந்தத் தங்கை டிபன் கேரியரோடு நின்றிருந்தார். கையில் இருந்த போனில், வீடியோ காலில் அண்ணன்.

"கண்டக்டரே, ரெண்டு கையால குடுங்க. ஸ்டேட்டஸ் வைக்கணும், ரெக்கார்டு பண்ணிக்கினு கீறேன்."

கண்டக்டர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு பயபக்தியோடு தட்டைக் கொடுத்தார். தங்கை அதை வாங்கிக்கொண்டு கேரியரை அவரிடம் நீட்டினார்.

"அண்ணன்கிட்ட குடுத்துடணுமாம்மா?"

"இல்லண்ணா, உங்களுக்குத்தான். சீர் எடுத்துக்கினு வந்தவங்கள சாப்புடாம அனுப்பக் கூடாது. வடை, பாயசம்லாம் கீது."

"அப்ப எனக்கு?" என்றது போன்.

"உனுக்கு போட்டோ அனுப்புறேண்ணா."

எனக்குக் கழுத்து இன்னும் எரிகிறது. முறைப்படி பார்த்தால் பாதிச் சீரைச் சுமந்தவன் நான். ஒரு வடையாவது எனக்கு வந்திருக்க வேண்டுமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.