லைன் கிளியரா இருக்கணும்

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனில் எட்டு வீடுகள். ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், எட்டுக் கதவுகள். முன்னால் தேயிலை மலை, பின்னால் ஓடை. எட்டு வீட்டிலும் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், மலாயில் வரும் அரசாங்கத் தாள் எதுவானாலும் முதல் வீடான என் வாசலுக்கு வந்துவிடும். நான் அதை மூன்று முறை படித்து, நிரப்பி, அனுப்பிய பிறகு சந்தேகப்பட ஆரம்பிப்பேன்.

போன வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. மேலேயுள்ள காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் பறந்தன. ஓடை நிரம்பி, சேறும் முட்டைக்கோஸுமாக எங்கள் வீடுகளுக்குள் புகுந்தது. எல்லோரும் கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். அந்த அவசரத்தில் நான் எடுத்துக்கொண்டு போனவை: இரண்டரை வயது மகள், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், அடையாள அட்டைக் கோப்பு. கணவரைக் கூப்பிடவே இல்லை என்று அவர் இன்றும் சொல்கிறார். கூப்பிட்டேன். கோப்பைத் தேடும்போது கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் தண்ணீர் வடிந்தபோது மெத்தை, அடுப்பு, அலமாரி, பிள்ளைகளின் பள்ளி உடுப்பு எல்லாம் சேறு. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கறை. எங்கள் படுக்கையறை நடுவில் ஒரு முட்டைக்கோஸ், வாடகைக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி போன் செய்தார். காற்றில் போன் கோபுரம் ஏதோ சாய்ந்து, பேச்சு விட்டுவிட்டுத்தான் வந்தது.

“தங்கச்சி, வெள்ள உதவிக்கு ஆபீசர் வராரு, வியாழக்கெழம காலையில... லைன் கிளியரா இருக்கணும்... செவரு... இல்லாட்டி லிஸ்ட்ல பேரு வராது. எல்லார்கிட்டயும் சொல்லிரும்மா.”

“சரிண்ணே, நான் பாத்துக்கறேன்,” என்றேன்.

பார்த்துக்கொண்டேன். எட்டு வீட்டுக்கும் போய், லைன் சுத்தமாக இருந்தால்தான் ஆபீசர் பெயர் எழுதுவார் என்று சொன்னேன். மேலேயுள்ள காய்கறித் தோட்டத்திலிருந்து நீளமான குழாய் வாங்கி வந்தேன், உள்ளே ஓடும் தண்ணீர் வெளியே தெரியுமே, அந்த மாதிரிக் குழாய். இரண்டு நாள் சுவர்களைக் கழுவினோம். பிளீச் போட்டுத் தேய்த்தோம். கெட்டுப்போன மெத்தைகளைக் கணவரின் லோரியில் ஏற்றிக் குப்பைமேட்டுக்கு அனுப்பினேன். வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போட்டோவும் எடுத்தேன். பளபளவென்று இருந்தது.

ஏழு வீடு பளபளத்தது. எட்டாவது வீட்டு அக்கா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார்.

“எனக்கு இடுப்பு வலிக்குது. ஆபீசர் என்ன, பொண்ணு பாக்கவா வராரு?”

“இல்லக்கா, லைன் கிளியரா இருக்கணும்னு கிராணி சொன்னாரு. ஒங்க ஒரு வீட்டால மத்தவங்க பேரு போயிடக் கூடாதுல்ல.”

“நீ படிச்ச பொண்ணு, நீ தொடை. நான் மூணாவதோட நின்னுட்டேன், எனக்குத் தொடைக்கத் தெரியாதுலா.”

“நான் வேணா வந்து கழுவிக் குடுக்கட்டுமாக்கா?”

“ஏன், ஒன் வீட்டுல செவரு தீந்துபோச்சா?”

ராத்திரியெல்லாம் அந்தச் சுவரை நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். வியாழக்கிழமை காலையில் அக்காவிடம் போய், ஆபீசர் இருக்கும்வரை கதவை மட்டும் சாத்தி வைக்கும்படி கெஞ்சினேன். அக்கா பெரிய மனது பண்ணிச் சாத்திக்கொண்டார்.

ஆபீசர் தமிழர், இளைஞர், கிள்ளான் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, சேறு தேடி வந்திருந்தார். என் வீட்டுத் தரையில் கால் வைத்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டார். அப்போதே எனக்கு என்னவோ போல இருந்தது.

சுற்றிப் பார்த்தவர் கேட்டார். “லைன் எங்கங்க?”

“இதுதான் சார். இங்கேருந்து கடைசி வீடு வரைக்கும்.”

“அந்த லைன் இல்லங்க. தண்ணி லைன். தண்ணி எவ்வளவு ஏறுச்சின்னு செவத்துல கறை இருக்கும்ல, அது கிளியரா தெரியணும். அளந்து போட்டோ எடுக்கணும். கிராணிகிட்ட சொல்லியிருந்தேனே.”

வாசலில் கூடியிருந்த ஏழு வீட்டாரும் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

“தொடைச்சிட்டோம் சார்,” என்றேன்.

“எத்தன வீட்டுல?”

“எல்லா வீட்டுலயும் நான்தான் சொல்லித் தொடைக்க வச்சேன்.”

“கெட்டுப்போன சாமான்?”

“லோரியில அனுப்பிட்டோம்.”

“போட்டோ எதாச்சும்?”

துடைத்த பிறகு எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, “ரொம்ப நல்லாருக்கு,” என்றார். கடைசியில் முட்டைக்கோஸ் படம் வந்தது. அது மகளுக்குக் காட்டச் சிரிப்புக்காக எடுத்தது. அதில் முட்டைக்கோஸ் தவிர எதுவும் தெரியவில்லை.

“கறை இல்லன்னா நான் எழுத முடியாதுங்க. ரூல் அப்படி,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். வருத்தமாகச் சொன்னார்.

தரையில் விரித்துப் படுக்கும் இத்தனை குடும்பங்கள், என் சுத்தத்தால் இன்னும் எத்தனை நாள் அப்படிப் படுக்குமோ என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் ஆபீசரின் முகம் மலர்ந்தது. கதவுக்குப் பின்னால் குனிந்து, “இங்க இருக்கே,” என்று அளவு டேப்பை இழுத்தார்.

முழங்கால் உயரத்தில், பழுப்பு நிறத்தில், நீளமாக ஒரு கோடு. ஏறக்குறைய நேராகக்கூட இருந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிரு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். மூட முயன்றேன். அரசாங்கத்திடம் பொய்த் தகவல் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு விண்ணப்பப் பாரத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதையும் படிக்கிற ஆள் நான்.

“சார், அது தண்ணி இல்ல,” என்றேன். “அது என் மக. நேத்து உக்காந்து கிறுக்கினா. கிரயோன்.”

ஆபீசர் விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். டேப் சுருண்டு உள்ளே போனது.

“நல்லவங்களா இருக்கறதுக்கு ஒரு நேரங்காலம் வேணாமா?” என்றார் கணவர்.

அப்போதுதான், பதற்றத்தில் நான் அடியோடு மறந்திருந்த எட்டாவது வீட்டுக் கதவு திறந்தது. “இன்னும் சாத்தியே வச்சிருக்கணுமா, தொறக்கலாமா? உள்ள ஒரே நாத்தம்,” என்று அக்கா வெளியே வந்தார்.

எல்லோரும் ஓடினோம். சுவரில் ஆற்றின் படம்போல ஒரு கறை, நாலு சுவரிலும் ஒரே உயரத்தில். அலமாரியிலும் அதே உயரம். ஆபீசர் மீண்டும் பூட்ஸைப் போட்டுக்கொண்டார், சந்தோஷமாக.

“அக்கா வீடு ஓக்கே,” என்றார். “மத்த ஏழு வீடு?”

அவர் கையிலிருந்த விதித்தாளைக் கேட்டு வாங்கினேன். மலாயில் இருந்தது. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் கண்ணில் பட்டது.

“சார், இங்க ‘ரூமா’ன்னு போடல. ‘பங்குனான்’னு போட்டிருக்கு. வீட்டுல கறை இருக்கணும்னு சொல்லல, கட்டடத்துல இருக்கணும்னுதான் சொல்லுது. இந்த லைன் முழுக்க ஒரே கட்டடம் சார். ஒரே கூரை, ஒரே அஸ்திவாரம்.”

அவரும் படித்தார். மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றார். எங்கள் வாசலில் போனில் லைன் சரியாகக் கிடைக்காது என்பதால் தேயிலைக்குள் ஏறி, மேட்டில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். கீழே நாங்கள் எட்டு வீட்டாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கி வந்து, “எல்லா வீட்டுலயும் தண்ணி அதே மட்டத்துக்குத்தான் ஏறியிருக்கும்னு காட்டினா போதுமாம்,” என்றார்.

“அதுக்கென்ன,” என்றார் அக்கா. “கல்யாணத்துக்கு முந்தி நான் கட்டட வேலைக்குப் போனவ. அந்தக் குழாய எடு.”

சுவர்களைக் கழுவிய அதே குழாய். அதில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைத் தன் வீட்டுக் கறையோடு அக்கா பிடித்தார். மறுமுனையை அடுத்த வீட்டுச் சுவரில் நான் பிடித்தேன். உள்ளே தண்ணீர் ஆடி, ஆடி, நின்றது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும்; அக்கா பக்கம் கறையில் நின்றால், என் பக்கம் நின்ற இடம்தான் மட்டம். அதில் கோடு போட ஆபீசரின் பேனா ஈரச் சுவரில் எழுதவில்லை. மகளின் கையிலிருந்து பழுப்புக் கிரயோனைப் பிடுங்கினேன். அவள் அழுத அழுகையோடு, இரண்டு நாள் தேய்த்து வெளுத்த ஏழு வீட்டுச் சுவர்களிலும் நானே கோடு கிழித்தேன். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் குழாயைப் பிடித்து ஆபீசர் படம் எடுத்தார். என் வீட்டில், மகள் போட்டதற்கும் மட்டத்துக்கும் இரண்டு விரல்தான் வித்தியாசம்.

“பொய் சொல்லியிருந்தாலும் சரியாத்தான் இருந்திருக்கும்,” என்றார் கணவர்.

போகும்போது ஆபீசர், முடிவு வரும்வரை எதையும் துடைக்க வேண்டாம் என்று என்னை மட்டும் பார்த்துச் சொன்னார். பத்து நாள் அந்தக் கோட்டைத் தொடாமல் இருந்தேன். சோறு ஊட்டும்போதெல்லாம் அது கண்ணில் படும். கை துணியைத் தேடும். அக்கா தினமும் எட்டிப் பார்த்து, “இருக்கா, தொடைச்சிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

பதினோராம் நாள் கிராணி போன் செய்தார். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“தங்கச்சி, எட்டு வீட்டு பேரும் லிஸ்ட்ல வந்துருச்சி. எல்லார்கிட்டயும் சொல்லிரு. என்னா, லைன் கிளியரா இருக்கா?”

“எந்த லைன்ண்ணே?” என்றேன்.