மூன்றாம் முறை ஏன் சரிந்தது?

அவுஸ்திரேலியாவில் பனிச்சரிவா என்று மெல்பேணில் இன்றைக்கும் என்னிடம் கேட்பார்கள். விக்டோரியா மாநில மலையொன்றில், பனிச்சறுக்க வருபவர்களைக் காக்கும் ஸ்கீ பேட்ரோல் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் நானும் அதையேதான் கேட்டேன். அடிபட்டவர்களைத் தூக்கி வருவதுதான் எங்கள் வேலை என்று நினைத்திருந்தேன். எங்கள் தலைவி கெரி என் கையில் ஒரு மண்வெட்டியைத் தந்து, "தோண்டிப் பார், சுகி" என்றார்.

1. குடிலுக்கு வந்தவர்

பெரிய புயல் ஒன்று ஓய்ந்த மறுநாள், ஒரு பெண் போனும் கையுமாக பேட்ரோல் குடிலுக்கு ஓடி வந்தார். ஆங்கிலத்தில் தொடங்கியவருக்குப் பாதியில் பேச்சு வரவில்லை. என் முகத்தைப் பார்த்து, "தமிழா?" என்றார்.

"ஓம். சொல்லுங்கோ."

"என் வீட்டுக்காரர் பிரகாஷும் அவர் ஃப்ரெண்ட் அருணும் ஸ்கீ பண்ற இடத்தோட எல்லையைத் தாண்டி மலைக்குப் பின்பக்கம் போனாங்க. இப்ப அருண் போன் பண்ணாரு. பனி சரிஞ்சு இவர் இடுப்பு வரைக்கும் புதைஞ்சுட்டாராம். அதோட கட் ஆயிடுச்சு."

நானும் கெரியும் இன்னும் இரண்டு பேரும், அடிபட்டவரைக் கிடத்தி இழுக்கும் ஸ்லெட்டோடு கிளம்பினோம்.

2. முகட்டில்

புயல்காற்று வடமேற்கிலிருந்து அடித்து, முகட்டைத் தாண்டிப் பனியை அள்ளி வந்து, காற்றுக்கு மறைவான பின்சரிவில் கொட்டியிருந்தது. முகட்டிலிருந்து பார்த்தோம். வலப்பக்கம் இருவரும் இரண்டு முறை இறங்கிய ஸ்கீ தடங்கள் அடிவரை போயிருந்தன. இடப்பக்கம் பாறைகளை ஒட்டித் தனியாகப் போன இன்னொரு தடம் பாதியில் அறுந்து, அதற்குக் கீழே பனி முழுக்கப் பெயர்ந்திருந்தது. அடிவாரத்தில் இரண்டு ஆட்கள் தெரிந்தார்கள். ஒருவர் அசைந்துகொண்டிருந்தார்.

நேரே இறங்கினால் கொஞ்ச நேரத்தில் அவர்களிடம் போய்விடலாம். நான் ஸ்கீயைப் பூட்டிவிட்டேன். கெரி விடவில்லை. முகட்டோரத்தில் குழி தோண்டி, பனியை ஒரு தூண் மாதிரி வெட்டி, அதன்மேல் மண்வெட்டியை வைத்து விரல் நுனியால் தட்டினார். சில தட்டுதான். மேல்பனி மேசையின் இழுப்பறை, எங்கள் பேச்சில் லாச்சி, இழுபடுவது போல வழுக்கி வெளியே வந்தது. அடியில் பழைய மழைநீர் உறைந்து கண்ணாடி போலக் கிடந்தது.

"சுத்திப் போவம்" என்றார் கெரி ஆங்கிலத்தில்.

"அவர் குளிரிலே விறைச்சுப் போவார்."

"மிச்சப் பனி அவருக்கு மேலதான் நிக்குது. நாங்கள் மிதிச்சா அது அவரிலதான் விழும்."

அந்த நேரம் அருண் எங்களைக் கண்டு, கையை ஆட்டியபடி மேலே ஏறத் தொடங்கினார். கெரி ஆங்கிலத்தில் கத்தியது பதற்றத்திலிருந்த அவருக்கு விளங்கவில்லை. நான் அடித்தொண்டையில் கத்தினேன்: "அருண், ஏறாதீங்கோ. அங்கயே நில்லுங்கோ. நாங்க சுத்தி வாறம்." அந்த இடத்தில் தமிழை எதிர்பார்க்காத மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

சரிவு குறைந்த மரங்களுக்குள்ளால் சுற்றி இறங்கிப் போனோம். கெரி மேலே பார்த்துக் காவல் நிற்க, நாங்கள் மூவரும் தோண்டினோம். சரிந்த பனி சிமெந்து மாதிரி இறுகியிருந்தது. வெறுங்கையால் தோண்டித் தோண்டி அருணின் விரல்கள் கிழிந்திருந்தன. பிரகாஷுக்கு முழங்கால் சுளுக்கியிருந்தது, நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

ஸ்லெட்டில் கிடந்தபடி அவர் என்னிடம் கேட்டார்: "ரெண்டு தடவை இதே சரிவுலதானே இறங்கினோம். ஒண்ணும் ஆகல. அப்புறம் அருண் கீழேயே நின்னாரு, நான் மட்டும் திரும்ப ஏறினேன். மூணாவது தடவை மட்டும் ஏன்?"

நான் ஸ்லெட்டின் பட்டியை இறுக்கினேன்.

3. திரும்பிப் போனது

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பனி இறுகி, கெரி சரி என்று சொன்ன பிறகு இருவரும் அங்கே போனோம். முதல் இரண்டு முறை அவர்கள் இறங்கிய பக்கம் தோண்டினோம். நெஞ்சளவுக்குப் பனி. ஓர் ஆளின் பாரம் அடியிலுள்ள ஐஸ் வரைக்கும் இறங்காது. பாறைப்பக்கம், சரியாமல் நின்ற ஓரத்தில் தோண்டினோம். முழங்காலளவுதான். அந்த மெல்லிய இடத்தில் பிரகாஷின் பாரம் நேரே ஐஸுக்குப் போயிருக்கிறது. அங்கே மேல்பனிக்கும் ஐஸுக்கும் இடையே விட்ட பிடிப்பு, அந்தப் பக்கச் சரிவு முழுக்கப் பரவியிருக்கிறது.

பிரகாஷுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்போ முதல் ரெண்டு தடவை ஒண்ணும் ஆகலன்னா, பனி நல்லா இருந்துச்சுன்னு அர்த்தமில்லையா?"

"இல்லை. நீங்க அந்த இடத்தில மிதிக்கேல்லை. அவ்வளவுதான்."

பேட்ரோலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இறங்கிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால், எந்த இடத்தால் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். பிறகு அவர்கள் இறங்காத இடத்தில் தோண்டுங்கள்.