அண்ணாச்சி அனுமதித்துவிட்டார்

சனிக்கிழமை காலை என் மகளின் கைபேசி அடித்தபோது நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். பேசியவர் புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடை முதலாளி. அவர் ரகசியம் பேசினாலே தெருமுனை வரை கேட்கும். அன்று கோபம் வேறு. அடுப்படியில் நின்ற என் காதில் ஒரு சொல் தவறாமல் விழுந்தது.

"எம்மா, கொல்லத்துக்குப் போன லாரி ஐந்தருவியில நிக்குதாம். கேட்டா அண்ணாச்சி அனுமதிச்சிட்டாருன்னு உன் பெட்டி சொல்லுது. அண்ணாச்சி நாந்தானே. நான் எப்பம்மா அனுமதிச்சேன்?"

கடையநல்லூர் தாண்டி வந்துகொண்டிருப்பதாகவும், நேரே குற்றாலம் ஐந்தருவிக்குப் போகப்போவதாகவும் சொன்னவர், எங்களையும் அங்கே வரச்சொல்லி வைத்துவிட்டார். தோசை கருகிவிட்டது. அதையும் தின்றேன். ருசி தெரியவில்லை.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. சென்னையில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து சொந்தமாக மென்பொருள் எழுதப்போகிறேன் என்று வந்தவள் என் மகள். பழைய கம்பெனி கதவை முழுக்கச் சாத்தவில்லை. குற்றால சீசன் முடிவதற்குள் திரும்புவதானால் திரும்பலாம் என்று சொல்லியிருந்தது. இந்த எலுமிச்சைக் கடைதான் அவளுக்கு முதல் வாடிக்கை. இவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சென்னைக்கே போய்விடுவதாக அவளே எங்களிடம் சொல்லியிருந்தாள். ஆரம்பத்தில் அவர்கள் அப்படிச் சொல்லட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவன் நான். முதல் தேதி சம்பளம் வராத வாழ்க்கை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மாடியில் அவள் சீட்டியடித்துக்கொண்டு வேலை பார்ப்பதைக் கேட்டுக் கேட்டு, என் வேண்டுதல் எப்போது கட்சி மாறியது என்று எனக்கே தெரியாது.

அவள் எழுதியிருந்தது, யார் எதைச் செய்யலாம் என்று காவல் காக்கும் மென்பொருள். கடைச் சுவரில் ஒரு டேப்லெட் கணினியை மாட்டியிருந்தாள். எல்லோரும் அதைப் பெட்டி என்றார்கள். உங்கள் பெயரைத் தொட்டு ரகசிய எண்ணைப் போட்டால் உங்களுக்கு உரிய பொத்தான்கள் மட்டும் வரும். எடை போடுகிறவருக்கு எடை மட்டும். லாரி ஓட்டுகிறவர் ஏதாவது வேண்டுமானால் கேட்கலாம், அவ்வளவுதான். விலையை முடிப்பதும், லாரியை அனுப்புவதும், விடுப்புக் கொடுப்பதும் முதலாளி ஒருவரே. ஆளைத் தெரிந்துகொண்டு கதவைத் திறக்கிற காவலாளி மாதிரி என்று எனக்கு விளக்கியிருந்தாள். முந்தின நாள்தான் காவலாளி வேலையில் சேர்ந்திருந்தார்.

காரில் ஏறியதும் மடிக்கணினியைத் திறந்தவள் இலஞ்சி வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விட முடியாமல், கண்ணீர் வழிய, ஒரு கையால் திரையைக் காட்டிக்கொண்டு சிரித்தாள். திரையில் ஒரு வரி: விடுப்பு கேட்டவர் அண்ணாச்சி, விடுப்பு கொடுத்தவர் அண்ணாச்சி, காரணம், கீழப்பாவூர் நரசிம்மர் கோயில். அந்தக் கோயிலுக்குப் போகிறவர் கடையில் மூட்டை தூக்குகிறவர்தான். தனக்குத் தானே விடுப்புக் கொடுத்துக்கொண்டு சாமி கும்பிடப் போய்விட்டார்.

கடையில் கணக்குப் பார்க்கும் பெண்ணைக் கைபேசியில் பிடித்தாள். எல்லோருடைய பெயரையும் பெட்டியில் ஏற்றியது அவர்தான். முதலாளிக்கு மருமகள் முறை. அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"பெரியவங்க பேர நான் எப்படிக்கா டைப் அடிக்க? வாயால கூடச் சொன்னதில்ல. அதான் எல்லாருக்கும் அண்ணாச்சின்னு போட்டேன். நம்பரும் ஒண்ணாவே போட்டுட்டேன், மறந்திருவாங்கள்லா. எனக்கு மட்டும் இனிஷியலோட கரெக்டா போட்டிருக்கேன், பாருங்க."

கைபேசியை வைத்துவிட்டு என் மகள் எனக்கு விளக்க முயன்றாள். பாதியில் பாதியில் சிரிப்பு வந்து தடுத்தது. "எல்லாரும் ஒரே ஆளுன்னு நெனச்சிருச்சுப்பா. கடையில இருக்கதே ஒரே ஒரு அண்ணாச்சிதான். அவரே எடை போடுதாரு, அவரே மூட தூக்குதாரு, அவரே லாரி ஓட்டுதாரு, அவரே முதலாளி."

எனக்கும் தொற்றிக்கொண்டது. சாரல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருக்க, சாலையோரத்தில் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி சிரித்தோம். அப்புறம் நான் சரக்குக்காகக் காத்திருக்கும் கொல்லத்து வியாபாரியை நினைத்தேன். முதலாளியின் குரலை நினைத்தேன். சிரிப்பு அடங்கிவிட்டது. பழைய கம்பெனிக்கு எப்போது பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "இந்த வாரம்" என்றாள். அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஐந்தருவியில் நேந்திரங்காய் வறுவல் கடைக்கும் ரம்புட்டான் வண்டிக்கும் நடுவில் லாரி நின்றது. அந்த இடமெல்லாம் எண்ணெய் வாசனையும் எலுமிச்சை வாசனையும். நாங்கள் போய் நிற்பதற்கும் முதலாளியின் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அதே நேரத்தில் லாரி ஓட்டுகிறவர் அருவியிலிருந்து ஈரத் தலையோடு, இடுப்பில் துண்டோடு, பல்லெல்லாம் தெரிய வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பை மங்குஸ்தான்.

முதலாளி கார்க் கதவைச் சாத்தவில்லை. "யாரக் கேட்டுவே வண்டிய இங்கன நிறுத்துனீரு?"

"பெட்டியிலதான் கேட்டேன் அண்ணாச்சி. ஐந்தருவியில கொஞ்ச நேரம் குளிச்சிட்டுப் போகட்டுமான்னு கேட்டேன். வெரல எடுக்கல, அண்ணாச்சி அனுமதிச்சிட்டாருன்னு வந்துட்டு." பையை முதலாளி பக்கம் நீட்டினார். "இத்தன வருசமா இந்த வழியாத்தான் வண்டி ஓட்டுதேன். குத்தாலம்னு போட்ட போர்ட மட்டுந்தான் பாத்திருக்கேன். அண்ணாச்சிக்கு நம்ம மேல இம்புட்டுப் பிரியமான்னு அங்கனயே கண்ணு கலங்கிட்டு."

வறுவல் போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்திவிட்டு முதலாளியை மரியாதையாகப் பார்த்தார். குளிக்க வந்த கூட்டமும் பார்த்தது. முதலாளி பையை வாங்கிக்கொண்டார். திட்ட வந்ததை விட்டுவிட்டு, கொல்லத்துக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி ஓட்டுநரை அனுப்பிவைத்தார். லாரி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் என் மகள் பக்கம் திரும்பினார்.

"எம்மா, உன் பெட்டிக்குள்ள இருக்க அண்ணாச்சி நம்மளவிட நல்ல மனுசனா இருக்கானே."

என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. என் மகள் மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். அவள் வேலையைப் பற்றிப் பேசினாள். அந்த அண்ணாச்சியை எடுத்துவிடுவதாகவும், ஆளுக்கு ஒரு எண் கொடுத்துத் தனித்தனியாக ஆக்கிவிடுவதாகவும், ஆனால் பெயர் வேண்டும் என்றும், பெயரைத்தான் அந்தக் கடையில் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்றும் சொன்னாள்.

"பேரு எதுக்கு? எட அண்ணாச்சி, மூட அண்ணாச்சி, லாரி அண்ணாச்சின்னு போடு. நாங்க அப்படித்தானே சொல்லுதோம்."

"நீங்க?"

"வெறும் அண்ணாச்சி."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நடுவில் புகுந்து, "அப்போ பெட்டி இருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்கட்டும் சார்வாள். ஆளப் பாத்துத் தொறக்கது நல்லதுதானே. லாரி அண்ணாச்சியோட குளியல மட்டும் எடுத்திர வேண்டாம். அது மாசத்துக்கு ஒருக்க கேட்காமலே கெடைக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் புதுத் துண்டு ஒன்று வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரும் அருவி வரிசையில் போய் நின்றுவிட்டார்.

வறுவல் கடைக்காரர் முக்காலி ஒன்றைப் போட்டார். அதில் உட்கார்ந்து என் மகள் அண்ணாச்சிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் தோளுக்குப் பின்னால் நின்று, அதைச் சரிபார்த்தாயா, இதைச் சேமித்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருமுறை கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தவும் போனேன். அவள் என் கையைப் பிடித்து மெதுவாக நகர்த்தினாள். பிறகு ஏதோ தட்டி, என் கைபேசியை எடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

கடையின் மென்பொருள் என் கைபேசியில் திறந்திருந்தது. மேலே எனக்கென்று ஒரு வரி: சார்வாள். எல்லாவற்றையும் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது.

ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுப் பார்த்தேன். விலை, எடை, லாரி, விடுப்பு. ஒன்றும் அசையவில்லை. எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து அவள் சென்னைக் கம்பெனிக்கு இரண்டே வரியில் வரவில்லை என்று எழுதினாள். கொஞ்சம் பொறு, ஒரு நாள் யோசி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அனுப்பிவிட்டாள்.