துண்டு சுற்றிய கை

புதுசாக வாங்கிய என் கறுப்புக் காரை அப்பா தினமும் காலையில் பழைய வேட்டியால் துடைத்து வைப்பார். ஒருநாள் வெயிலில் பார்த்தால், பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள்.

"மண்ணு தூசியோட தொடைச்சா பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்? இனிமே கார்ல கையே வெக்காதீங்கப்பா!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன். அவர் அந்தப் பழைய வேட்டியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் அவருக்கு நெஞ்சுவலி. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போக காரை வாசலுக்குக் கொண்டுவந்தேன். வியர்வையில் நனைந்து நின்றவர், தோள் துண்டை எடுத்து விரல்களில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"என்னப்பா இது?"

"கோடு விழுந்துருமில்ல..."

பிழைத்து வந்துவிட்டார். பானெட்டில் இருந்த கோடுகளும் பாலிஷில் போய்விட்டன. இன்றைக்கும் என் காரில் ஏறும்போது அப்பா துண்டைத் தேடுகிறார்.