முடிச்சு விழுந்த பட்டை

மலாக்காவின் பாச்சாங்கில் எங்கள் கம்பெனி ஸ்டோரில் பழைய ரிமோட் பெட்டி ஒன்று ஆணியில் தொங்குகிறது. ஆளில்லாத மண்வாரி இயந்திரத்தைத் தூரத்திலிருந்து இயக்குவதற்காகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பெட்டி. அதன் பட்டையில் ஓர் இடம் மட்டும் திருகிக் கசங்கிக் கிடக்கிறது. அங்கே தினமும் முடிச்சுப் போட்டவன் நான்.

லூபோக் சீனா பக்கம் ஒரு பழைய தோட்டத்தில், மிஞ்சிப்போன, களையைக் கொல்லும் புல்லு மருந்தை டிரம்மோடு அந்தக் காலத்தில் புதைத்துவிட்டிருந்தார்கள். டிரம்கள் துருப்பிடித்துக் கசிந்ததால், ஆள் இறங்கித் தோண்டக்கூடாது என்று இந்த இயந்திரம் வந்தது. ஓட்டியவர் புலாவ் செபாங் ஊர்க்காரர். ஆப்பரேட்டர் அண்ணன் என்போம். குழியைச் சுற்றிக் கட்டிய சிவப்புக் கயிற்றைத் தாண்டி யாரும் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதிகம் பேசாதவனுக்கு ஏற்றது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

காலையில் இயந்திரத்தின் சக்கரச் செயினுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே அண்ணன் அதைக் கயிற்றுக்குள் அனுப்புவார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நின்றுகொண்டு ஓட்ட அவருக்கு வரவில்லை. "கேபின்ல உக்காந்தா கல்லா இரும்பான்னு இடுப்பே சொல்லிரும்லா. இது டிவி பாக்குற மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொள்வார்.

ஒரு மதியம் டிரம் ஒன்று மண் அள்ளும் வாளியின் பல்லில் மாட்டிச் சாய்ந்து நின்றது. அண்ணன் பெட்டியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். முகமூடி தாடைக்குக் கீழே கிடந்தது. குனிந்து கயிற்றுக்குள் நுழைந்து நடந்தார். வாளி மாட்டினால் இறங்கிப் போய்ப் பார்ப்பது அவர் கால்களுக்குப் பழகிப்போன வேலை, யோசித்துச் செய்ததல்ல. டிரம் அசைந்தது.

"அண்ணே! நில்லுங்க!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அவர் நின்று திரும்பினார். "என்னலா கத்துற? பாத்துட்டு வந்துடுறேன்" என்று அவர் சொல்லும்போதே பின்னால் டிரம் விழுந்து பிளந்தது. கயிறு வரைக்கும் வாடை அடித்தது. அவர் கயிற்றுக்கு வெளியே ஓடி வந்துவிட்டார்.

மறுநாள் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு, பெட்டியை மாட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். "ஊமைத் தம்பி, நேத்து நீ போட்ட சத்தம் மலாக்கா டவுன் வரைக்கும் கேட்டிருக்கும். பின்னால இறுக்கி ஒரு முடிச்சு போடு. நானா அவுக்க முடியக்கூடாது. பெட்டி கழுத்துல கெடந்தா காலு உள்ள போவாது." அன்றிலிருந்து அவர் சாப்பிடப் போவதென்றாலும் நான்தான் அவிழ்த்துவிட வேண்டும்.

கடைசி டிரம் லாரியில் ஏறி, மண்ணைச் சோதித்தவர்கள் சரி என்று சொன்ன பிறகு கயிற்றைச் சுருட்டிவிட்டோம். நான் முடிச்சை அவிழ்த்தும் அவர் நகரவில்லை. "இப்பப் போலாம்ல?" என்று கேட்டார். "போங்கண்ணே" என்றேன், என் வழக்கமான குரலில். அவர் குழிக்கரைக்கு நடந்து போய், இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அண்ணன் வேலையை விட்டுவிட்டார். இப்போது வரும் பெட்டிகளில் ஒரு விரலால் அழுத்தினால் கழன்றுவிடும் கொக்கிதான் இருக்கிறது. ஓட்டும் பையன்கள் நின்றுகொண்டே ஓட்டுகிறார்கள். நான் அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.