கழுத்தில் தேடிய ரத்தக்கட்டு

தீனதயாளன் அண்ணன் விண்வெளிக்குப் போகவில்லை. போகிறவர்களுக்காகப் படுத்திருந்தார்.

கேளம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஆராய்ச்சி நிலையம். அதில் எட்டுக் கட்டில்கள். எல்லாவற்றுக்கும் கால்மாடு உயரம், தலைமாடு தாழ்வு. சரியாக ஆறு டிகிரி. அப்படியே அறுபது நாள் கிடந்தால், எடையில்லாமல் மிதக்கிற உடம்புக்கு ஆவதில் பாதி தரையிலேயே ஆகிவிடும். ரத்தம் தலைப்பக்கம் போகும், முகம் உப்பும், எலும்பு தேயும், கெண்டைக்கால் சதை வற்றும். அதை அளந்து பார்த்துத்தான் மேலே போகிறவர்களை எப்படி நோயில்லாமல் வைத்திருப்பது என்று முடிவு செய்வார்கள்.

"இன்னாண்ணா, உன்னை நிலாவுக்கு அனுப்பப் போறாங்களாமே?" என்று முதல் நாள் கேட்டேன்.

"நீ வேற, காயத்ரி. போறவனுக்கு நான் ஸ்டெப்னி" என்றார்.

எனக்கு அந்த வார்டில் வேலை. நாடி, பிரஷர் குறிக்க வேண்டும். தட்டில் மிச்சமான சோற்றை எடை போட வேண்டும். யாராவது தலையைத் தூக்கினால் அதையும் எழுத வேண்டும். அண்ணன் ஏழாம் கட்டில். வயது முப்பத்தாறு. ஊர் திருப்போரூர் தாண்டி, எங்கள் பக்கம்தான். வீட்டு நிலம் பிளாட்டான வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். பன்னிரண்டு வருஷமாக சிறுசேரி கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். ஓட்டினது எல்லாம் ஊரான் வண்டி. படுத்திருப்பதற்குக் கிடைக்கிற தொகையை வைத்து சொந்தமாக ஒரு வேன் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

சம்மதப் படிவம் பதினெட்டுப் பக்கம். அதில் கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி. "டாக்டர், எழுந்தப்புறம் கிளட்ச் மிதிக்க முடியுமா?"

"நிச்சயமாக. தசைகள் மீண்டும் வலுப்பெற்றுவிடும்" என்றார் டாக்டர் ஜெபக்குமார்.

டாக்டர் நல்லவர். ஆனால் வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரிதான் பேசுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் கட்டிலருகே நின்று தொடங்குவேன். "வணக்கம், தீனதயாளன். இன்று காலை... தங்களுடைய மலம்... எவ்வண்ணம் இருந்தது?"

அண்ணன் படுத்தபடியே குலுங்குவார். ஈ.சி.ஜி. கோடு தாறுமாறாக எகிறும். அடுத்த அறையிலிருந்து டெக்னீஷியன் கத்துவார்: "ஏழு! யாரு ஆடினுகீறது?"

"நான் இல்ல சார். ராக்கெட்டு கெளம்புது!"

நாட்களை அவர் ஊரிலிருந்து சிறுசேரி போகிற தன் வேன் ரூட்டில்தான் எண்ணினார். பதினைந்தாம் நாள் "காலவாக்கம் தாண்டிட்டோம்" என்றார். முப்பதாம் நாள் "தையூர் வந்தாச்சு, டீ சொல்லு" என்றார். அறுபதாம் நாள் சிறுசேரி கேட்.

திங்கட்கிழமைதோறும் எட்டுப் பேருக்கும் கழுத்தில் ஜெல் தடவி ஸ்கேன் எடுப்பார்கள். மேலே போன ஒருவருக்குக் கழுத்து ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்ததைச் சில வருஷங்களுக்கு முன்னால் கண்டுபிடித்திருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் கழுத்தின் மேல்தான் கண். வாராவாரம் எட்டுக் கழுத்தும் சுத்தம் என்று எழுதினோம்.

நாற்பத்தோராம் நாள் காலையில் அண்ணன் சொன்னார். "இடது கால் ஒரு மாதிரி கீது, காயத்ரி. வலி இல்ல. கனமா கீது. தண்ணி ரொப்பின டியூப் மாதிரி."

"படுத்துகினே தின்னா அப்படித்தான் இருக்கும்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் டேப் எடுத்தேன். மற்ற ஏழு பேரின் கெண்டைக்காலும் இளைத்துக்கொண்டு வந்தது. இவருடைய வலது காலும் இளைத்திருந்தது. இடது கால் மட்டும் ஒரு அங்குலம் பெருத்திருந்தது. அதற்குமேல் நான் விளையாடவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். காலில் ஸ்கேன் வைத்த இரண்டாவது நிமிஷம் முழங்காலுக்குக் கீழே தெரிந்துவிட்டது.

அன்று மதியம் அவர் மனைவி துர்காதேவியை வரவழைத்தார்கள். சிறுசேரியில் ஒரு கேண்டீனில் வேலை. அந்த யூனிபார்மோடே ஓடி வந்தாள். டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். "பதற்றப்பட வேண்டாம். இவருக்கு ஆழ் சிரையில் உறைவு ஏற்பட்டுள்ளது."

அண்ணி என்னைப் பார்த்தாள். "சிறையா? இன்னாம்மா சொல்றாரு? இவரு இன்னா தப்பு பண்ணாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜெயிலு இல்ல அண்ணி. கால்ல ரத்தக்கட்டு. அதைத்தான் சொல்றாரு."

"ரத்தக்கட்டா! அட, அவ்ளோதானா? போ காயத்ரி, வயித்துல புளியைக் கரைச்சிட்டாரு."

டாக்டரும் தலையாட்டினார். "அதேதான். ரத்தக்கட்டு." அவர் மனதில் அது ரத்தம் கட்டியாகி நிற்பது. எங்கள் பக்கத்தில் ரத்தக்கட்டு என்றால் கதவில் இடித்துக்கொண்டு கன்றிப்போவது, பைக்கிலிருந்து விழுந்து வீங்குவது. அதற்கு யாரும் ஆஸ்பத்திரி தேட மாட்டார்கள். புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பத்துப் போடுவார்கள். பிறகு எண்ணெய் விட்டு உருவி விடுவார்கள். எனக்கும் அது தெரியும். பயந்துபோன ஒரு முகம் என் வார்த்தையால் தெளிந்ததே என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அண்ணனைச் சோதனையிலிருந்து விலக்கினார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஊசி. பிறகு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த தாளின் இரண்டாம் பக்கத்தில் காலைத் தேய்க்கக் கூடாது என்று இருந்தது, இங்கிலீஷில். கிளம்பும்போது அண்ணன் எனக்குப் போன் செய்தார். "நாப்பத்தோராம் நாளே கேளம்பாக்கம் சிக்னலாண்ட எறக்கிவுட்டாங்க, காயத்ரி. சிறுசேரி போய்ச் சேரல. பரவால்ல, கால் சரியாவட்டும்."

வீட்டில் நடந்ததை அண்ணியே பிறகு சொன்னாள். இரண்டு ராத்திரி பத்துப் போட்டிருக்கிறாள். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்லெண்ணெயைச் சூடாக்கி எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

"மாத்திர தான் கீதே" என்றிருக்கிறார் அண்ணன்.

"மாத்திர உள்ளுக்கு. இது வெளிக்கு. நீட்டுய்யா காலை."

கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் அழுத்தி உருவினாள். "ஆங், இப்பதான் லேசா கீது" என்றாராம். எதிர்வீட்டு வேன் தெருவில் நின்றிருந்தது. ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன் என்று எழுந்து போனார். வேன் கதவைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "மூச்சு வாங்குது துர்கா" என்றார். அந்த வேனிலேயே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தையூர் தாண்டும்போது மூச்சு இல்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முன்னால் ஏழாம் கட்டிலின் ஃபைல் இருந்தது. "உறைந்த ரத்தம் காலிலிருந்து பெயர்ந்து நுரையீரலை அடைத்திருக்கிறது. காலைத் தேய்க்கக் கூடாது என்று அந்த அம்மாவிடம் சொன்னீர்களா?"

"இல்ல டாக்டர். நான் ரத்தக்கட்டுன்னு சொன்னேன்."

"அதனால் என்ன?" என்றார். அவர் செங்கல்பட்டுப் பக்கத்து ஆள் இல்லை, அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம் என்று நான்தான் விளக்கினேன். பத்து, எண்ணெய், உருவுவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். "நானும் ஆமான்னுதானே சொன்னேன்" என்றார். செய்தி வாசிக்கிற குரல் இல்லை அது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. யாரிடமும் செய்துகாட்டவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணியைப் பார்க்கப் போனேன். தப்பு என் வாயில் வந்த சொல்லில்தான் என்று சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் வழி நெடுக அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் கீர்த்தனா பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லு. நீ ஆஸ்பத்திரில கீறவ, உனக்குத் தெரியும்."

"கேளு அண்ணி."

"அன்னிக்கு நான் உருவினுகீறப்போ கீர்த்தனா வந்து நாஸ்தா இன்னாச்சுன்னு நின்னா. பாதில எழுந்துட்டேன். முட்டி வரிக்கும்தான் உருவினேன். இன்னும் கொஞ்சம் நேரம் உருவி வுட்டிருந்தா கட்டு முழுசா கரைஞ்சிருக்கும், இல்ல?"

பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் எனக்குள் அப்படியே நின்றது. அதைச் சொன்னால் பாதியில் எழுந்த குற்றம் அவளை விட்டுப் போகும். உட்கார்ந்து உருவின குற்றம் வந்து சேரும்.

"நீ எழுந்ததால இல்ல அண்ணி."

"பின்ன எதால?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைகள் இரண்டும் மடியில் திறந்து கிடந்தன.

"தெரியல அண்ணி" என்றேன்.

"உனக்கே தெரியலன்னா அப்ப அதுதான்" என்றாள். "நான்தான் பாதில வுட்டுட்டேன்."