பூட்டுமுன் கேட்கும் கேள்வி

புத்தளம் தொடக்கம் கற்பிட்டி வரை, உண்மையைப் பயமில்லாமல் எழுதக்கூடிய ஒரே மனிதன் நிரோசன். இதைச் சொன்னவனும் நிரோசன்தான். ஆகவே இனி வருவது முழுக்க நடந்தது. நடந்த இடம் எத்தாளைக்கு அங்கால், கடலோரத்தில், பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் ஒரு தனியார் கத்தோலிக்கக் கல்லூரி. பெயர் வேண்டாம். அதன் பழைய மாணவர் சங்கத்தில் சட்டத்தரணிகள் அதிகம்.

கல்லூரிக்கு நூறு வயது. நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை, பழைய மாணவனும் இப்போது பல்கலைக்கழக வளாகத்தில் நையாண்டிப் பத்திரிகை நடத்துபவனுமான நிரோசனின் கையில் வந்து விழுந்தது. முதல் வாரமே அவனுக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது: காவலாளி இன்னாசிப்பிள்ளை. எந்த அறையைப் பூட்டுவதென்றாலும் தலையை உள்ளே நீட்டி, "உள்ளுக்கு ஆரும் இருக்கிறீங்களா?" என்று கேட்பார். வாய்விட்டு முப்பது வரை எண்ணுவார். பிறகுதான் சாவி. பந்து, மட்டை வைக்கும் அலுமாரிக்கும் அதே கேள்வி, அதே முப்பது.

"அலுமாரி என்ன சொல்லுது அங்கிள்?"

"ஒண்டும் சொல்லேல்ல தம்பி. அதான் பூட்டுறன்."

'கதவுகள் நலன்புரித் திணைக்களம்' என்று தலைப்பிட்டு நிரோசன் இதைப் பத்திரிகையில் போட்டான். வளாகமே சிரித்தது.

இரண்டாம் தவணை முடிந்த வெள்ளிக்கிழமை. பகல் 1.40. பிள்ளைகள் போய்விட்டார்கள். இனி ஒரு மாதம் விடுமுறை. பழைய வரவு இடாப்புகள் குவிந்து கிடக்கும் களஞ்சிய அறையில் நிரோசன் தனியாக இருந்தான். போன் அலுவலகத்தில் சார்ஜில் கிடந்தது.

1958 இடாப்பைத் திறந்தான். ஏழாம் வகுப்பு. கடைசிப் பெயர் சந்தியோகு. இரண்டாம் தவணை முழுக்கப் பூச்சியம், ஒருநாளும் வரவில்லை என்று. கடைசி நாளும் பூச்சியம்.

"வகுப்புக்குப் போகாத எங்கட சங்கத்துக்குத் தலைவர் இவர்தான்" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தான்.

அப்போது மணம் வந்தது. கருவாட்டு மணம். யன்னல் மூடியிருந்தது...

கதவின் உட்பக்கத்தைப் பார்த்தான். நிறையக் கீறல்கள். எல்லாம் அவன் நெஞ்சுக்குக் கீழே. மேலே ஒன்றுகூட இல்லை.

2.05. வெளியே செருப்புச் சத்தம். சரக்... சரக்...

நிரோசன் மூலையிலிருந்த அலுமாரிக்குப் பின்னால் ஒதுங்கினான். கிழவர் பூட்டட்டும். பிறகு கதவில் அடித்து அலறவைக்கலாம். அடுத்த இதழுக்கு முன்பக்கம் தயார்.

"உள்ளுக்கு ஆரும் இருக்கிறீங்களா?"

அவன் மூச்சுக்கூட விடவில்லை.

"ஒண்டு... ரெண்டு..."

இருபதில் மணம் அவன் கழுத்துக்கு வந்துவிட்டது. விளையாட்டுப் போதும். பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

கால் அசையவில்லை.

"இருபத்தாறு..."

கதவு மூடியது. இருட்டு.

"இருபத்தொன்பது..."

"இருக்கிறம் சேர்."

சின்னப் பிள்ளையின் குரல். கோபமான குரல். அவன் முழங்கைக்குப் பக்கத்தில்...

"ரெண்டு பேர்."

கதவு படாரென்று திறந்தது. இன்னாசிப்பிள்ளை சாவிக்கொத்தோடு உள்ளே வந்து மூலை மூலையாகப் பார்த்தார்.

"தம்பி, நீங்க ஒராள்தானே. மற்றவர் எங்க?"

அன்று பின்னேரம் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே இருந்துகொண்டு, நிரோசனின் முகத்தைப் பார்க்காமலே அவர் சொன்னார். சந்தியோகு மீன்பிடிக்காரரின் பிள்ளை. சோதனையில் முதலாவதாக வந்து கல்லூரிக்குள் நுழைந்தவன். உடுப்பில் கருவாடு மணக்கிறது என்று வகுப்பு மாஸ்ரர் அவனைத் தினமும் களஞ்சிய அறையில் தனியாக உட்காரவைத்தார். வகுப்பில் இல்லாதபடியால் தினமும் பூச்சியம் போட்டார். தவணையின் கடைசி நாள் அவன் அங்கேயே நித்திரையாகிவிட்டான்.

"பூட்டினது என்ட அப்பா. கேக்காமப் பூட்டினவர்."

மூன்றாம் நாள் தாய் கல்லூரி வாசலுக்கு ஓடிவந்தாள். இடாப்பைத் திறந்து காட்டினார்கள். உங்கட மகன் பள்ளிக்கூடமே வரேல்லையே, பாருங்க. அவள் திரும்பிப் போனாள். இருபத்தேழு நாள் கழித்துத்தான் அறையைத் திறந்தார்கள்.

"மூண்டாம் தவணை முதல் நாளும் அவனுக்குப் பூச்சியந்தான் தம்பி. ஆனா அண்டைக்கு எல்லாருக்கும் முந்தி வந்திருந்தது அவன்தான்."

நிரோசன் இதை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதிக் கொடுத்தான். பழைய மாணவர் சங்கச் செயலாளர் அன்ரன், கோட் போட்ட மனிதர், இரண்டு பக்கத்தையும் கிழித்து மேசையில் வைத்தார்.

"மலரெண்டா மணக்க வேணும் தம்பி. இது நாறுது."

"நாறுறது ஆர் சேர்?" என்று கேட்டுவிட்டு, நிரோசன் தன் பெயரையும் வெட்டச் சொல்லி வெளியேறினான்.

மலர் வந்தது. பளபளப்பான தாள். 'நூறு ஆண்டுகளில் ஒரு மாணவனையும் வெளியே தள்ளாத கல்லூரி' என்று முதல் வரி. அது உண்மை. வெளியே தள்ளவில்லை. உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

வளாக விடுதியில், அந்த மலரை அலுமாரியின் அடித்தட்டில் எறிந்துவிட்டு, நிரோசன் அதன் கதவைச் சாத்தப் போனான். கை நின்றது. அறைத் தோழன் றிஸ்மின் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். அதை ஒருதரம் நிச்சயப்படுத்திக்கொண்டான்.

பிறகு குனிந்து, சட்டைகளுக்குள் தலையை நீட்டினான்.

"உள்ளுக்கு ஆரும் இருக்கிறீங்களா?"

முப்பது வரை எண்ணினான்.